பெட்டியில் போட்டு அனுப்பும் முன் ஒரு தடவை பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக்குள் சைக்கிள் பயிற்சி பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பக்கத்தைப் படித்தேன். எந்த ட்ரெய்னர் கருவி வாங்கலாம், என்ன விலை என்பதெல்லாம் இருந்தது. வாங்கியவர்கள் முதல் மாதமே மாட்டிக்கொண்டு முழிக்கும் விஷயம் மட்டும் இல்லை. நடு மிதியில் இணைப்பு அறுந்துபோவது, ஏற்றம் வந்தும் லோடு, அதாவது மிதிக்கும் கனம், ஏறாமல் சக்கரம் சும்மா சுற்றுவது, இல்லையென்றால் பெடல் இறுகி நின்றேவிடுவது. இதில் நான் ரொம்பவே அடிபட்டேன், அதனால் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ட்ரெய்னரை மாட்டுவோம், அல்லது பின்சக்கரத்தை ஓர் உருளையின் மேல் அழுத்தி வைப்போம். உள்ளே மின்காந்தம் இருக்கிறது. போனிலோ கணினியிலோ ஒரு பயிற்சிச் செயலி ஓடும், அதன் திரையில் வரும் சாலையில் மேடு வந்தால் செயலி தகவல் அனுப்பும், காந்தம் இறுக்கும், மிதிக்கக் கனமாகும். மழை மாதங்களில் ஈ.சி.ஆர். பக்கம் விடிகாலையில் போக முடியாத என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி.

என் ட்ரெய்னர் வாங்கிய மூன்றாவது வாரமே தகராறு செய்தது. காலை ஐந்தரைக்கு ஏறி உட்கார்ந்தால் செயலியில் ட்ரெய்னரே தெரியாது, சில நாள் தெரியும், இணையாது. வாங்கிய கடையில் கேட்டேன். "யூனிட் ஃபால்ட், அனுப்பிவிடுங்கள்" என்றார்கள். இருபது கிலோவுக்கு மேல் கனம், பெட்டியில் போட்டு, பார்சல் கட்டணமும் கட்டி அனுப்பினேன். 16 நாள் கழித்து "பழுது எதுவும் இல்லை" என்ற சீட்டோடு திரும்பி வந்தது. மறுநாள் காலை அதே கதை.

காரணம் பக்கத்து அறையில் இருந்தது. முதல் வாரம் மகளின் டேப்லெட்டில் அந்தச் செயலியைப் போட்டுப் பார்த்திருந்தோம். அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ட்ரெய்னருக்கு மின்சாரம் கொடுத்தவுடனே டேப்லெட் முந்திக்கொண்டு புளூடூத்தில் ஒட்டிக்கொள்ளும். பல மாடல்கள் புளூடூத்தில் ஒரே நேரத்தில் ஒரு கருவியோடுதான் பேசும், அதனால் என் போனுக்கு வழியில்லை. டேப்லெட்டில் புளூடூத்தை அணைத்தேன், தீர்ந்தது. "வீட்டில் வேறு எந்தக் கருவியிலாவது இந்தச் செயலி இருக்கிறதா?" என்று கடையில் ஒருவர் கேட்டிருந்தால் 16 நாளும் பார்சல் செலவும் மிச்சமாகியிருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்கப்புறம் பழகிய பத்துப் பன்னிரண்டு பேரின் ட்ரெய்னர்களைப் போய்ப் பார்த்துவிட்டேன். முதலில் பார்க்க வேண்டியது எது அறுந்தது என்பதைத்தான். இணையம் வழியாகப் பலர் ஒரே திரைச்சாலையில் ஓட்டும் ஸ்விஃப்ட் (Zwift) மாதிரியான செயலியில் உங்கள் வாட்ஸ் எண், அதாவது மிதிக்கும் சக்தியின் அளவு, ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் கூட ஓட்டும் மற்றவர்கள் காணாமல் போய்விட்டார்கள் என்றால் போனது இணையம், ட்ரெய்னர் நன்றாகவே இருக்கிறது. மற்றவர்கள் போய்க்கொண்டிருக்க உங்கள் வாட்ஸ் மட்டும் பூஜ்யம் ஆகி திரையில் உங்கள் ஆள் நின்றுவிட்டால், அறுந்தது ட்ரெய்னருக்கும் போனுக்கும் நடுவில் உள்ள இணைப்பு. பலர் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுகிறார்கள். புளூடூத்துக்கு இணையமே தேவையில்லை.

இன்னொரு தவறு, போனின் புளூடூத் பட்டியலுக்குள் போய் ட்ரெய்னரை ஹெட்போன் மாதிரி இணைப்பது. அது வேண்டாம், செயலிக்குள் இருந்துதான் இணைக்க வேண்டும். போனின் பட்டியலில் ஏற்கெனவே இணைத்திருந்தால் ‘மறந்துவிடு’ (Forget) என்று கொடுத்து நீக்கிவிடுங்கள். ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் செயலிக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். ஆண்ட்ராய்டு 12-க்கு முந்தைய போன்களில் இருப்பிட அனுமதி இல்லையென்றால் புளூடூத் தேடலே நடக்காது, 12 முதல் அருகிலுள்ள கருவிகளுக்கான அனுமதி என்று தனியாகக் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டிவிட்டால் ட்ரெய்னர் கண்ணில் படாது.

புளூடூத்துக்குப் பதிலாக ஆன்ட் பிளஸ் (ANT+) என்ற இன்னொரு கம்பியில்லா இணைப்புக்காக மடிக்கணினியில் டாங்கிள் என்ற சின்ன யூஎஸ்பி கருவியைச் செருகி ஓட்டுபவர்களுக்கு வேறு தொல்லை. ஆன்ட் பிளஸ், புளூடூத், பழைய வகை வைஃபை, சமையலறை மைக்ரோவேவ் எல்லாமே 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் இருக்கின்றன. அதிலும் ஆன்ட் பிளஸ் கருவிகள் பேசுவது 2457 மெகாஹெர்ட்ஸில், வைஃபையின் 10-வது சேனலின் நடுமையமும் அதே 2457. ரூட்டரை 1-வது சேனலுக்கு மாற்றினால் அது 2412-க்குப் போய்விடும், அல்லது கணினியை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள். அப்புறம் டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3 துளையில் நேராகச் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 இதே 2.4 அலைவரிசையில் இரைச்சல் கிளப்புகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை போட்டிருக்கிறது. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கி டாங்கிளை ட்ரெய்னரின் காலடிக்குக் கொண்டுபோய் வைத்தால் போதும். குரோம்பேட்டை நண்பர் ஒருவர் வீட்டில் இதை மட்டும்தான் செய்தேன், இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்துகொண்டிருந்தது அதோடு நின்றுவிட்டது.

சரி, இணைப்பு இருக்கிறது, லோடுதான் வரவில்லை என்றால்? மின்சாரத்தைப் பாருங்கள். நிறைய மாடல்கள் அடாப்டர் இல்லாமல் இறுக்கத்தை மாற்றவே மாற்றாது. அடாப்டர் முள் அரைகுறையாக நுழைந்திருக்கும், இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் லூசாக இருக்கும். கரண்ட் போய் வந்திருந்தால் ஒரு நிமிடம் பொறுத்து செயலியில் மறுபடி இணைக்க வேண்டும். அடுத்து இணைக்கும் பக்கம். வாட்ஸ் காட்டுவதற்கு ஓர் இடம், லோடைக் கட்டுப்படுத்துவதற்கு இன்னோர் இடம் என்று அங்கே தனித்தனியாக இருக்கும். முதலாவதை மட்டும் இணைத்தால் எண்கள் எல்லாம் அழகாக வரும், மலையே ஏறினாலும் கால் உணராது. ஹேண்டில்பாரில் இருக்கும் சைக்கிள் கம்ப்யூட்டரும் அதே ட்ரெய்னரைக் கட்டுப்படுத்தப் பார்க்கும், அதை அணைத்துவிடுங்கள்.

ஏற்காடு ஏறுவதற்காகப் பயிற்சி செய்த ஒருவர், "பத்து சதவீத ஏற்றம் என்கிறது, ஐந்து மாதிரிதான் இருக்கிறது, மெஷின் ஏமாற்றுகிறது" என்றார். மெஷின் ஏமாற்றவில்லை. ஸ்விஃப்டில் ட்ரெய்னர் கடினம் என்ற அமைப்பு தானாகவே 50 சதவீதத்தில்தான் இருக்கும், ஏற்றத்தில் பாதியைத்தான் காலுக்கு அனுப்பும். முழுசாக வேண்டுமென்றால் 100-க்குத் தள்ளலாம்.

பெடல் இறுகி நிற்பது பெரும்பாலும் எர்க் (ERG) மோடில்தான், அதாவது வாட்ஸை ஒரே அளவில் வைத்திருக்க ட்ரெய்னரே கனத்தை மாற்றும் முறையில். 150 வாட்ஸ் என்று நிர்ணயித்துவிட்டால் நீங்கள் வேகமாகச் சுற்றினால் லேசாக்கும், மெதுவாகச் சுற்றினால் கனமாக்கும். களைப்பில் நிமிடத்துக்கு 85 சுற்றிலிருந்து 60-க்கு இறங்கினீர்கள் என்றால் கனம் கூடும், அதனால் இன்னும் இறங்குவீர்கள், இன்னும் கூடும், கடைசியில் கால் நின்றுவிடும். மல்லுக்கட்டாதீர்கள், முட்டிதான் போகும். எர்க் மோடை நிறுத்தி, லேசாகச் சுற்றி வேகம் பிடித்த பிறகு மறுபடி போடுங்கள். குறைந்த வாட்ஸ் பயிற்சியில் லோடு இறங்கவே மாட்டேன் என்றால் முன்னால் சின்னப் பல்சக்கரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

உருளை வகை வைத்திருப்பவர்கள் டயர் அடியில் கறுப்புத் தூள் கொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டயர் வழுக்குகிறது, எழுந்து நின்று அழுத்தினால் கிரீச்சென்று சத்தமும் வரும். தினமும் ஒரே அளவு காற்று, ஒரே அளவு உருளை அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றிவிட்டு மிதிக்காமல் விட்டு ட்ரெய்னரின் கணக்கைச் சரிசெய்யும் ஸ்பின்டவுன் அளவீட்டைப் பத்துப் பதினைந்து நிமிடம் மிதித்து டயர் சூடான பிறகுதான் செய்ய வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் செய்தால் வாட்ஸ் எண் தப்பாகத்தான் வரும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் அனுப்புங்கள், பெல்ட் வழுக்கலாம், அடாப்டர் நிஜமாகவே செத்திருக்கலாம். நான் கடைக்காரர்களைக் கேட்பது ஒன்றுதான். முப்பதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் விற்கும் பொருளோடு, இந்த விஷயங்களை ஒரே ஒரு பக்கத்தில் தமிழில் அச்சடித்துக் கொடுங்கள். என் பெட்டிக்குள் ஏழெட்டு மொழியில் புத்தகம் இருந்தது, தமிழ் இல்லை. நான் பார்த்த வீடுகளில் இரண்டு பேர் ஆங்கிலம் படிக்கத் தடுமாறுபவர்கள், அதில் ஒருவர் ட்ரெய்னரைப் பரணில் ஏற்றி ஒரு வருடமாகிவிட்டது. அந்தத் தாளை எழுதித் தர நான் தயார், பணம் வேண்டாம். என் முகவரி ஆசிரியரிடம் இருக்கிறது.

- ஒரு வாசகர், மேடவாக்கம், சென்னை