நாலாவது சர்வர்

அன்புள்ள காதர்,

கோபத்தில் இருப்பாய். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லோரும் நலம். ஜெபா மறுபடியும் படகு வாங்கப் போகிறானாம், நம்பாதே.

இங்கே மண்டபத்தில் எங்கள் சர்வர் ஒன்று படுத்துவிட்டது. கச்சான் காற்று தெரியுமே, போர்டில் பச்சை பூத்திருந்தது. பவளப்பாறை வீடியோ எல்லாம் செஃப்பில்தான் இருக்கிறது, பல சர்வர்களைச் சேர்த்து ஒரே கிடங்காக்கி, ஒவ்வொரு ஃபைலுக்கும் பல பிரதி வைக்கிற அந்த மென்பொருளில். மூன்று சர்வர், மூன்று பிரதி. ஒரு ஃபைல்கூடப் போகவில்லை. அதைப் பார்த்துவிட்டு மேலதிகாரி, "அதான் இன்னும் ரெண்டு இருக்கே" என்கிறார். எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது.

டிஸ்க் செத்ததும் செஃப் பதறாது. பத்து நிமிடம் பொறுக்கும். வெறும் ரீபூட்டாக இருக்கலாம் அல்லவா? அப்புறம்தான் அதை ஒதுக்கிவிட்டு, குறைந்த பிரதிகளை வேறு இடத்தில் எழுத ஆரம்பிக்கும். ஆனால் ஒரே சர்வரில் இரண்டு பிரதி வைக்காதே என்று நாம்தானே சொல்லி வைத்திருக்கிறோம். மூன்றில் ஒன்று விழுந்தால் வேறு இடம் ஏது? மற்ற இரண்டில் எத்தனை டெராபைட் காலியாகக் கிடந்தாலும் பிரயோஜனமில்லை. குறையோடு அப்படியே நிற்கும். இன்னொன்றும் விழட்டும், கடைசிப் பிரதி நல்லபடி இருந்தாலும் படிக்கக்கூட விடாது. இரண்டாவது உயிரோடு இருக்க வேண்டும் என்பது அதன் பிடிவாதம். நியாயமான பிடிவாதம்தான்.

நாலாவது சர்வர் வந்தால் கதையே வேறு மாப்ள. எந்த ஃபைல் எங்கே என்று பேரேடே கிடையாது. சேஜ் வைலும் சகாக்களும் 2006-இல் எழுதிய க்ரஷ் என்ற கணக்குமுறையைப் போட்டு, ஃபைலைக் கேட்கிற கணினியே அது எந்த டிஸ்க்கில் என்று கண்டுபிடித்துக்கொள்ளும். அதனால் புது சர்வர் சேர்த்தால் எல்லாம் கலையாது. ஏறக்குறைய கால்வாசி மட்டும் நகரும். இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. சிரிக்காதே.

வாங்கச் சொன்னால், "காலியா வச்சிருக்கவா?" என்று கேட்கிறார். ஆமாம், காலியாகத்தான்! நாலும் 80 சதவீதம் நிரம்பியிருந்து ஒன்று போனால், 320-ஐ மூன்றால் வகுத்துப் பார், நூறையே தாண்டிவிடும். 85-இலேயே செஃப் எச்சரிக்கும், 90-இல் பிரதி எழுதுவதை நிறுத்தும், 95-இல் புதிதாக எதையும் வாங்காது. தணிக்கைக்காரருக்கு இதை எப்படி விளக்குவது?

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. எல்லாம் ஒரே கட்டிடம், கடலுக்குப் பக்கம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி போன கதையை உன் வாப்பா சொல்லித்தான் நான் கேட்டேன். அந்த மாதிரி ஒரு ராத்திரிக்கு நாலு சர்வர் என்ன, நாற்பது என்ன.

அதனால்தான் எழுதுகிறேன். மதுரையில் உன் ஆபீஸ் ரேக்கில் கொஞ்சம் இடம் கிடைக்குமா? இதே கிளஸ்டரை, அதாவது இந்தச் சர்வர் கூட்டத்தை, அங்கே நீட்டச் சொல்லவில்லை. எல்லாப் பிரதியும் எழுதி முடித்த பிறகே செஃப் "ஆச்சு" என்று சொல்லும், நம்ம லைன் லட்சணத்துக்கு ஒரு வீடியோ ஏறவே விடிந்துவிடும். அங்கே தனியாக ஒரு சின்ன கிளஸ்டர் போதும், மல்டிசைட் முறையில் நகல் பின்னாலேயே மெதுவாக வந்து சேரட்டும். உன் மேனேஜரிடம் கேட்டுவிட்டு வாட்ஸ்அப்பிலாவது சொல். நெத்திலிக் கருவாடு கொண்டுவருகிறேன். லஞ்சம் என்றே வைத்துக்கொள்.

முருகேசன்