விழிப்போடுதான் கையெழுத்துப் போட்டேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளைகுடா ஒப்பந்தங்கள் பற்றிய தங்கள் தலையங்கத்தில் 'தொழிலாளர்களின் விழிப்புணர்வின்மையே ஏமாற்றங்களுக்குக் காரணம்' என்று ஒரு வரி. டீக்கடையில் ஒருவர் சத்தமாக வாசித்தார். ஏழு வருஷம் கத்தாரில் சட்டரிங் (கான்கிரீட் ஊற்றப் பலகை அடைக்கும் வேலை) அடித்தவன் நான். ஆறிப்போன டீயோடு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தாங்கள் அறியாததல்ல. கத்தாரோடு நமக்கு 1985லேயே தொழிலாளர் ஒப்பந்தம் உண்டு. 2007ல் கூடுதலாக ஒன்றும் போட்டார்கள். நான் போனது 2010ல். ஊரில் கையெழுத்திட்ட தாளில் மாதச் சம்பளம் 1,200 ரியால். தோகாவில் இறங்கிய மூன்றாம் நாள், கேம்ப் மெஸ்ஸில் என் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு வேறொரு தாளை விரித்தார் கம்பெனி ஆள். எழுத்தும் அரபி, எண்ணும் அரபி. பக்கத்திலிருந்த மலையாளிதான் 800 என்று படித்துச் சொன்னார். பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில். ஊரில் இரண்டு வட்டிக்கு வாங்கிய 90,000 ரூபாய் கடன். விழிப்போடுதான் கையெழுத்துப் போட்டேன் ஐயா.

அம்மா தவறியபோது, நாட்டை விட்டு வெளியேற முதலாளி தர வேண்டிய அனுமதியான எக்ஸிட் பெர்மிட்டைக் கம்பெனி கொடுப்பதற்குள் எல்லாம் முடிந்து, பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். அந்த பெர்மிட்டைப் பெரும்பாலானவர்களுக்கு 2018ல் எடுத்தார்கள். நான் 2017லேயே மூட்டை கட்டிவிட்டேன். என் ராசி அப்படி.

இன்னொன்று. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இதற்குக் குறைந்த சம்பளம் கூடாது என்று நம் அரசு வைத்திருந்த தொகையை, 2020 செப்டம்பரில் நம் அரசே 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. 2021 ஜூலையில்தான் அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். அதுவும் கம்பி கட்டுகிறவனின் விழிப்புணர்வின்மையா?

அதே இதழில், தலையங்கத்துக்கு மறுபக்கம், 'கத்தார் ஃப்ரீ விசா, உடனே அணுகவும்' என்று விளம்பரம் பார்த்தேன். பணம் கொடுத்தவர் போடுகிறார், நான் யார் கேட்க? ஒன்று மட்டும் செய்யுங்கள். அந்த விளம்பரங்களுக்குப் பக்கத்தில், ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி மட்டும், ரசீது கேட்டு வாங்குங்கள் என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். மூன்று வரி போதும். இடம் இல்லையென்றால் இந்தக் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் சட்டரிங் தொழிலாளி,
ராமநாதபுரம் மாவட்டம்