பிழைப்பைச் சொல்லாத ரவுடிக் குடும்பக் கதை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசிமேட்டு ரவுடிக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதையாக வந்திருக்கும் புதிய நாவலைப் பற்றித் தங்கள் இதழில் வெளியான மதிப்புரையைப் படித்துவிட்டே அந்நூலை வாங்கினேன். வடசென்னை வாழ்க்கையை உள்ளபடி காட்டும் படைப்பு என்று மதிப்புரையாளர் பாராட்டியிருந்தார். படித்து முடித்தபோது எனக்குப் பெரும் ஏமாற்றமே ஏற்பட்டது.

ரவுடிகளைப் பற்றி எழுதுவதால் எங்கள் பகுதியின் பெயர் கெடுகிறது என்ற வழக்கமான புகாரை நான் சொல்லவில்லை. தாராளமாக எழுதட்டும். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் வெட்டும் குத்தும் நிறைந்த இந்நாவலில், அந்தக் குடும்பம் எதைக் கொண்டு பிழைக்கிறது என்பது ஓரிடத்திலும் விளங்கவில்லை. தாத்தா கள்ளச்சாராயத்தில் தொடங்கினார் என்று ஒரே ஒரு வரி வருகிறது. 1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது சாராயம் காய்ச்சியவர் என்ன ஆனார், 1974-இல் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தபோது யார் யார் அவரைத் தேடி வந்தார்கள் என்று ஆசிரியர் யோசித்திருந்தால் அதிலேயே பல அத்தியாயங்கள் கிடைத்திருக்கும். துறைமுகத்தில் 1983-இல் சரக்குப் பெட்டக முனையம் வந்து மூட்டை தூக்கும் வேலை குறையத் தொடங்கியதும், 1996-இல் பின்னி துணி ஆலை மூடப்பட்டுப் பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி வீடுகளில் வருமானம் நின்றதும் இக்கதையின் காலத்துக்குள்ளேயே நடந்தவை. நாவலில் மகன்களும் பேரன்களும் கத்தியைத் தொடும் ஆண்டுகளும் அவையே. ஆனால் அவர்கள் கத்தி எடுப்பதற்குப் பரம்பரை வெறி என்பதைத் தவிர வேறு காரணம் சொல்லப்படவில்லை. கட்டப்பஞ்சாயத்துக்கு வருபவர் ஏன் காவல் நிலையத்துக்குப் போகவில்லை, கந்துவட்டிக்கு வாங்குபவருக்கு ஏன் வேறு எங்கும் கடன் கிடைக்கவில்லை என்ற கேள்விகளே எழாதபோது, அந்தக் குடும்பத்தின் மீது தெருவுக்கு இருக்கும் பயமும் தேவையும் வாசகருக்கு எப்படிப் புரியும்?

சட்டம் தொடர்பான பகுதிகள் இன்னும் பலவீனமானவை. 1999-இல் நடக்கும் அத்தியாயத்தில் இரண்டாவது மகனைப் புழலில் அடைக்கிறார்கள். புழல் மத்தியச் சிறை 2006-இல்தான் செயல்படத் தொடங்கியது. அதுவரை மத்தியச் சிறை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகிலேயே இருந்தது. விசாரணையின்றித் தடுப்புக் காவலில் வைக்கும் குண்டர் சட்டத்தில் ஒரே உத்தரவின் பேரில் அவன் மூன்று ஆண்டுகள் உள்ளே இருப்பதாகவும் வருகிறது. 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி ஓர் உத்தரவுக்கு அதிகபட்சம் 12 மாதங்களே. இவை சிறு தகவல் பிழைகள் என்று தள்ளிவிடத் தக்கவை அல்ல. குண்டர் சட்டத்தில் ஒருவன் கைதானதும் அவனை விடுவிக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவில் கையெழுத்திடுபவர் பெரும்பாலும் அவனுடைய தாயோ மனைவியோதான். வக்கீலுக்குக் கொடுக்க நகையை அடகு வைப்பதும், சிறை வாசலில் மனு போட்டுக் காத்திருப்பதும், ஜாமீனுக்கு ஆள் தேடி அலைவதும் அந்தப் பெண்களே. இந்நாவலின் தாயோ தொடக்கம் முதல் முடிவு வரை அடுப்படியில் அழுதுகொண்டிருக்கிறார். ஒரு ரவுடிக் குடும்பத்தைக் குடும்பமாகக் கட்டிக் காக்கும் மனுஷியை இப்படி ஓரத்தில் உட்கார வைத்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. கண்டிஷன் பெயிலில் வந்தவன் நாள்தோறும் குறித்த நேரத்தில் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும். அந்த நேரமும் வழியும் எதிரிகளுக்கும் தெரியும். அவன் வீடு திரும்பும் வரை வாசலையே பார்த்திருக்கும் தாயின் மனநிலையில் இருக்கும் பதற்றத்தில் கால்பங்குகூட நூலில் வரும் கொலைக் காட்சிகளில் இல்லை.

உச்சக்கட்டம் 2018 மே மாதத்தில், விசைப்படகுகள் மீனோடு கரை சேரும் விடியற்காலை ஏலத்தின் நடுவே நிகழ்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பது காசிமேட்டில் சிறு பிள்ளைக்கும் தெரியும். படகுகள் நின்று, கையில் காசில்லாமல், கடன் ஏறும் அந்த 61 நாள்களே இக்கதைக்குப் பொருத்தமான பின்னணியாக இருந்திருக்கும். பேச்சு மொழியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வசவுகளை நீக்கிவிட்டால் பாத்திரங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள்.

தொடக்கத்தில் தாத்தாவும் அவருடைய தம்பியும் ஐஸ் பெட்டிகளை இறக்கியபடியே பங்குத் தகராறு பேசும் காட்சி மட்டும் சிறப்பாக இருந்தது. வேலை செய்யும் கைகளும் பகையும் ஒரே இடத்தில் தெரிந்த பக்கங்கள் அவை. அப்படி எழுதத் தெரிந்தவர் எஞ்சிய பக்கங்களில் ரத்தத்தை மட்டும் நம்பியது ஏன் என்று தெரியவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் பதிப்பகத்தார் மேற்கண்ட பிழைகளையேனும் திருத்த வேண்டும். வடசென்னையைக் களமாகக் கொண்ட நூல்களை மதிப்பிடும்போது, இங்கு வாழும் வாசகர் ஒருவரின் கருத்தையும் சேர்த்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.