அக்காவுக்கு: லூதரை மறுபடி மாட்டிவிட்டேன்

அக்கா,

சபைச் சீர்திருத்தம் தொடங்கின மார்ட்டின் லூதரின் படத்தை மறுபடி மாட்டிவிட்டேன். ஹாலில் இல்லை, புத்தக அலமாரிக்குப் பக்கத்தில், அப்பாவின் நாற்காலிக்கு நேர் எதிரே. அப்பா போய் நாளையோடு ஒரு வருஷம் ஆகிறது, அதற்குள் செய்துவிட நினைத்தேன். போன் செய்தால் எடுக்கமாட்டாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நாலு பேர் படிக்கிற இடம், அன்று வாசலில் நீ சொன்ன வார்த்தையை எழுதப் போவதில்லை.

ஏன் கழற்றினாய் என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அப்பாவின் விசுவாசம் எனக்கு வெட்கமாகிவிட்டது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். அது இல்லை அக்கா. 1543-இல் யூதர்களைப் பற்றி லூதர் எழுதின புத்தகத்தைப் படித்தேன். அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்கிறார், வீடுகளை இடிக்கச் சொல்கிறார். மறுநாள் காலையில் அந்த முகத்துக்குக் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்க என்னால் முடியவில்லை. கழற்றினேன். அதற்கு இன்றைக்கும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

கேட்க வேண்டியது வேறு ஒன்றுக்கு.

அப்பா தூங்கி எழுந்து வந்தார். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் புது பெயிண்ட் மாதிரித் தெரிந்தது. "எங்கேடா?" என்றார். "மழை ஈரத்துல படத்துத் துணி தொளதொளன்னு ஆயிடுச்சுப்பா" என்றேன். பொய். உண்மையைச் சொல்லியிருந்தால் என்னோடு ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். அதற்குப் பயந்தேனா, அவர் முகம் வாடும் என்று பயந்தேனா, தெரியவில்லை. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்ச் சின்னச் சுத்தியலை எடுத்து வந்தார். படத்தை மடியில் குப்புறக் கவிழ்த்துக்கொண்டு, பின்சட்டத்தின் மூலைகளில் துணியை இறுக்க இருக்குமே மர ஆப்பு, அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டினார். கை நடுக்கத்தில் சில அடி சட்டத்தில் விழுந்தது. ஒவ்வொரு மூலை முடிந்ததும் துணியை நகத்தால் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். மேளம் மாதிரி 'டம்' என்றது. முதல் ஆப்பைத் தொடுவதற்கு முன்னாலும் அப்படித்தான் ஒலித்தது. அது அவர் காதிலும் விழுந்தது. இருந்தும் நாலு மூலையையும் தட்டி முடித்து, "இப்ப சரியா இருக்கு" என்று என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கி, சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்து வைத்தேன். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. ஏழு மாதம். நீ வந்த அன்று பார்த்தது அதைத்தான்.

நீ 2017-இல் எவ்வளவு ஆசையாக அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். லூதரின் 95 கொள்கைகளுக்கு 500 வருஷம் என்று அப்பா போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நீ சுவர் அளவு கேட்டதும் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஜாண் போட்டு அளந்தார். சரி, படம் அனுப்பினாய். அதற்குப் பிறகு அந்தச் சுவரை நேரில் வந்து பார்த்தது எத்தனை தடவை? ராத்திரிகளில் அவரோடு விழித்திருந்தது யார்? வேண்டாம், அதை இங்கே விரிக்கவில்லை.

போன வாரம் தூசு தட்டும்போது கவனித்தேன், லூதர் கன்னத்தில் துணியின் நெசவு தெரிகிறது. மூல ஓவியத்தில் அது இருக்காது. ஓவியர் லூக்கஸ் கிரானாக் 1529-இல் வரைந்தது வழவழப்பான மரப்பலகையில். இதை அவர் தனிப்படமாகவும் வரையவில்லை. பக்கத்தில் லூதரின் மனைவி கத்தரீனா இருக்கிறாள். துறவியாக இருந்தவரும் கன்னியாஸ்திரீயாக இருந்தவளும் 1525-இல் கல்யாணம் செய்துகொண்டபோது சாட்சியாக நின்றவரே கிரானாக்தான். அந்தக் கல்யாணம் தப்பில்லை என்று ஊருக்குச் சொல்லத்தான் அவர் பட்டறையிலிருந்து இந்த ஜோடிப் படம் திரும்பத் திரும்ப வெளியே போனது. "யாரையோ பார்க்கிறார்" என்று அப்பா சொல்வாரே, நாம் ஜன்னலைப் பார்க்கிறார் என்று நினைத்தோமே, அந்தப் பக்கம் இருக்க வேண்டியது கத்தரீனா. நம் ஹாலில் அங்கே காலண்டர் தொங்கியது. அவள் படத்துக்கும் சொல்லியிருக்கிறேன். அதே உயரத்தில் ஆணி அடித்து வைத்தாயிற்று.

மஞ்சள் பல்பில் தொப்பியும் அங்கியும் ஒரே கறுப்பாகக் கலந்து போயின. வெள்ளை பல்பு போட்டதும் தொப்பியின் விளிம்பு தனியாகப் பிரிந்து தெரிகிறது. வெயில் நேராக விழாத இடம்தான்.

ஹாலில் ஏன் இல்லை என்று கேட்பாய். வாசலில் நுழைகிறவர் முதலில் பார்க்கிற இடம் மரியாதைக்குரிய இடம். அதை லூதருக்குக் கொடுக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அலமாரிப் பக்கம் வேறு. அங்கே அவரோடு வாதாடலாம். 1543 புத்தகமும் அதே தட்டில்தான் இருக்கிறது. அப்பா இதை ஒத்துக்கொண்டிருப்பார் என்று தோன்றுகிறது. நம் வீட்டில் படம் எதற்கு என்று கேட்டவர்களிடம் 1522 கதையைச் சொல்வாரே: லூதரின் ஊரான விட்டன்பர்க்கில் தேவாலயப் படங்களை உடைத்தபோது லூதர் திரும்பி வந்து எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் பண்ணி அடக்கியதை. உடைக்கவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம் என்பார் அப்பா.

அவரிடம் அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். உன்னிடமும். மன்னித்துவிடு அக்கா.

ஆப்புகளை நான் தொடவில்லை. பின்சட்டத்தில், இடது கீழ் மூலையில், சுத்தியல் தவறி விழுந்த தடம் மூன்று இருக்கிறது. நீ வரும்போது இறக்கிக் காட்டுகிறேன்.

தம்பி