அது வெடிக்காயம் இல்லை

மதுரை,
ஞாயிறு, விடியற்காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உனக்கும் உன்னோடு தங்கியிருக்கிற அந்தப் பிள்ளைக்கும் மீனாட்சி துணை.

போன் இருக்கும்போது என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் சொன்னால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று ஆறு தடவை சொல்வாய். ஆறாவது ‘சரிப்பா’வில் பின்னால் யாராவது ‘சிஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள், வைத்துவிடுவாய். காகிதத்தை மடித்துப் பையிலாவது போட்டு வைப்பாய் அல்லவா.

புதன்கிழமை நீ சொன்னதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. நைட் டூட்டி முடிந்து வந்து பாலை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாய். பால் பொங்கி அடுப்பு அணைந்து, கேஸ் வாடை ஏறித்தான் முழித்தாய். அதோடு விட்டிருந்தால் பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் போட்டுவிட்டு நானும் மறந்திருப்பேன். ‘உடனே எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுட்டேன்பா, அஞ்சு நிமிசத்துல வாடை போயிருச்சு’ என்று சிரித்தாய் பார், அங்கேதான் எனக்கு அடிவயிறு கலங்கியது. அம்மா பக்கத்தில் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

லைன்மேனாகக் கரண்டோடு 33 வருசம் குடித்தனம் நடத்தியவன் சொல்கிறேன். சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உள்ளே ஒரு பொறி பறக்கும். இருட்டில் பழைய சுவிட்ச் ஒன்றைத் தட்டிப் பார், நீலமாகக் கண்ணுக்கே தெரியும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். தண்ணி மாதிரித் தரையோடு படர்ந்து, மேடைக்குக் கீழே, கட்டிலுக்கு அடியில் போய்த் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றிக்கொள்ளும். அந்த நாற்றமும் கேஸோடு பிறந்ததில்லை, கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று கலந்துவிடுகிற மருந்து. அதே வாடையில் கொஞ்ச நேரம் கிடந்தால் மூக்கு பழகிப்போய், வாடை இல்லாத மாதிரி இருக்கும். உனக்கு வாடை போனது ஃபேன் போட்டதாலா, மூக்கு ஏமாந்ததாலா, அந்தச் சொக்கனுக்குத்தான் வெளிச்சம்.

இனி ஒருதரம் அப்படி நடந்தால் எந்தச் சுவிட்சிலும் கை வைக்காதே. புதிதாக எதையும் போடாதே, எரிகிற லைட்டை அணைக்கவும் செய்யாதே. அடுப்புக் குமிழைத் திருகு, ரெகுலேட்டரை மூடு, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வா. போனை வாசலுக்கு வந்தபிறகு எடு. 1906க்கு அடி. எந்தக் கம்பெனி சிலிண்டர் கசிந்தாலும் அந்த நம்பர்தான், நடுராத்திரியிலும் எடுப்பார்கள். மெயின் சுவிட்ச் மாடிப்படிக்குக் கீழே வெளியில் இருந்தால் இறக்கலாம். வீட்டுக்குள் இருந்தால் கிட்டேயே போகாதே. ‘எல்லாம் அணைச்சாச்சே’ என்று உள்ளே நிற்கவும் கூடாது. பிரிட்ஜ் யாரையும் கேட்காமல் தானாக ஓடும், தானாக நிற்கும். அதற்குள்ளும் பொறி உண்டு.

2023 ஆகஸ்டு 26 விடியற்காலை நம் ரயில் ஸ்டேஷன் யார்டில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டி எரிந்தது உனக்கு ஞாபகமிருக்கும். லக்னோவிலிருந்து வந்தவர்கள், பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார்கள். 9 பேர் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று நாள் அம்மா அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் ஒரு நிமிசம் நின்றுதான் பற்றவைத்தாள்.

இதெல்லாம் உனக்குத் தெரியாததா? ஒன்பதாவது படிக்கும்போதே சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம், வால்வில் தண்ணி ஊற்றிக் குமிழி வருகிறதா என்று பார்க்கச் சொல்லி மல்லுக்கட்டியவள் நீ. சிலிண்டர் கழுத்துப் பட்டையில் எழுதியிருக்கிற கணக்கை எனக்கே நீதான் சொல்லிக்கொடுத்தாய். ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி, சி, டி அப்படியே மும்மூன்று மாசம், பக்கத்தில் வருசம், அந்தத் தேதி தாண்டிய சிலிண்டரை வாங்கக் கூடாது என்று. அத்தனையும் தெரிந்த பிள்ளை தூக்கக் கலக்கத்தில் எழுந்ததும் கை நேராக ஃபேன் சுவிட்சுக்குப் போயிருக்கிறது. அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஏனென்றால் என் கையும் ஒருநாள் அப்படித்தான் போனது.

என் வலது மோதிரவிரல் ஏன் மடங்காது என்று சின்னதில் கேட்டுக்கொண்டே இருப்பாய். தீபாவளி வெடி என்றேன். அதை நம்பி நீ ஒரு வருசமும் அணுகுண்டு பக்கம் போகவில்லை. அது பொய், தாயி.

1999 ஆவணி. உனக்கு ஒரு வயசு. சோழவந்தான் பக்கம் வேப்பங்கிளை முறிந்து வீட்டுலைன் மேல் விழுந்து கிடந்தது. எங்கள் வேலையில் போஸ்ட்டில் ஏறுமுன் ஒரு வரிசை உண்டு. சப்ஸ்டேஷனில் எல்.சி., அதாவது லைனில் வேலை பார்க்க அனுமதி வாங்கு, டிரான்ஸ்பார்மரில் லைனைத் துண்டிக்கிற ஏபி சுவிட்சை இறக்கு, டெஸ்டர் வைத்துப் பார், ரெண்டு பக்கமும் கம்பியைத் தரையோடு இணைக்கிற எர்த் ராடு மாட்டு, கையுறை, இடுப்புக் கயிறு, அப்புறம்தான் லைனில் கை. கற்றுக்கொள்கிற ஹெல்பர் ஒன்றுவிடாமல் செய்வான். பதினஞ்சு வருசம் ஏறியிறங்கினவன்தான் நடுவில் ரெண்டைத் தாண்டுவான். டிரான்ஸ்பார்மர் சுவிட்சை என் கையால் இறக்கினேன், பூட்டுப் போட்டேன், சாவி என் சட்டைப்பையில். இதற்கு மேல் என்ன டெஸ்டர், என்ன ராடு என்று ஏறிவிட்டேன். இருட்டுவதற்குள் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து உன்னைத் தூக்கணும் என்ற அவசரம் வேறு.

அன்றைக்கு முகூர்த்தநாள். அதே லைனில் ஒரு கல்யாண மண்டபம். கரண்டு இல்லையென்றதும் ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். மாற்று சுவிட்ச் ஒழுங்காக வைக்காத இணைப்பு. ஜெனரேட்டர் கரண்டு மண்டபத்துக்குப் போனதோடு நிற்காமல் எங்கள் லைனுக்கும் ஏறிவிட்டது. வெட்டரிவாளோடு கம்பியைத் தொட்டது மட்டும்தான் எனக்கு நினைவு. கயிறு பிடித்துக்கொண்டதால் விழவில்லை, தொங்கினேன். கீழே இருந்த ஹெல்பர் போட்ட கூச்சலில் எவனோ ஒரு புண்ணியவான் ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினான். பெரியாஸ்பத்திரியில் 19 நாள். மண்டபத்துக்காரரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? டெஸ்டரை வைத்திருந்தால் ஒரு சின்ன லைட் எரிந்து எனக்குச் சொல்லியிருக்கும். டெஸ்டர் சட்டைப்பையில்தான் இருந்தது, சாவிக்குப் பக்கத்தில்.

வெட்கத்தில்தான் உன்னிடம் வெடி என்று சொன்னேன். லைன்மேன் மகள் ‘எங்கப்பா டெஸ்டர் வைக்க மறந்துட்டார்’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதா?

உங்கள் ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியிடமே பெயர் கேட்டு, எந்தப் பக்கம் என்று கேட்டு, மயக்கம் கொடுக்குமுன் ஒருமுறை, கத்தி வைக்குமுன் ஒருமுறை, வெளியே தள்ளுமுன் ஒருமுறை சரிபார்ப்பீர்கள் என்று சொல்லியிருக்கிறாய். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த முறை, மொத்தம் 19 விசயம் என்றாய். பஞ்சைக்கூட எண்ணித்தான் எடுக்கிறீர்கள், எண்ணித்தான் வைக்கிறீர்கள். இருபது வருசம் வெட்டித் தைத்த பெரிய டாக்டரும் அதற்குக் கட்டுப்பட்டு நிற்கிறார். அங்கே அத்தனை கெடுபிடியாக இருக்கிற நீ வீட்டுப்படி ஏறியதும் எல்லாவற்றையும் செருப்போடு சேர்த்துக் கழற்றிவிடுகிறாய்.

நான் மட்டும் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. போன மார்கழியில் நடந்ததை அம்மா உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருந்தேன், இப்போது நானே சொல்கிறேன். ‘உங்கள் மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30க்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியை அழைக்கவும்’ என்று மெசேஜ். நான் யார்? மின்வாரியத்தில் பென்ஷன் வாங்குகிறவன். ‘யார்டா எனக்கே பியூஸ் புடுங்குறவன்’ என்று சண்டை போடத்தான் போன் போட்டேன். அந்தப் பையன் பதவிசாகப் பேசினான். சார், சார் என்றான். சர்வீஸ் நம்பர், செக்‌ஷன் என்று நம் பாஷையிலேயே பேசினான். ஒரு ஆப் இறக்குங்க சார், பத்து ரூபா கட்டினா அப்டேட் ஆயிரும் என்றான். நானும் இறக்க ஆரம்பித்துவிட்டேன். அம்மா மாவாட்டிக்கொண்டிருந்த கையோடு வந்து, ‘நீங்க வேலை பாத்த ஆபீஸ்ல என்னைக்காச்சும் ராத்திரி ஒம்பதரைக்குப் பியூஸ் புடுங்கியிருக்கீகளா?’ என்று ஒரு கேள்விதான் கேட்டாள். போனை வைத்துவிட்டேன். ஸ்க்ரீனெல்லாம் மாவு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அம்மா சட்டம். யார் கூப்பிட்டு அவசரப்படுத்தினாலும் முதலில் போனை வை. பிறகு நமக்குத் தெரிந்த நம்பருக்கு நாம் கூப்பிட்டுக் கேட்போம், அவர்கள் கொடுத்த நம்பருக்கு இல்லை. பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை, பின் கேட்டால் போகப்போவது உன் பணம். உன் பெயரில் பார்சலில் போதைமருந்து, வீடியோவிலேயே கைது என்று எவனாவது காக்கிச்சட்டையோடு வந்தால் பயப்படாதே, டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. மீறிப் பணம் போய்விட்டால் அழுவதற்கு முன்னால் சைபர் மோசடிக்கான 1930க்கு அடி. சீக்கிரம் சொன்னால் அடுத்த கணக்குக்குப் போகுமுன் நிறுத்த வழி இருக்கிறது.

சரி, உனக்கு நான் சொல்வது இதுதான். ஒரு சீட்டு எழுது. போனில் வேண்டாம், போன் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் எல்லாம் நடக்கும். நம் வீட்டுப் பீரோக் கதவின் உள்பக்கம் அம்மா சோற்றுப் பசையில் ஒட்டியிருக்கிறாளே, அந்த மாதிரி. அது வந்த கதை தெரியுமா? அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கப் போனோம், கிணற்று மோட்டாரை மறந்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் மோட்டார் காயில் (கம்பிச்சுருள்) புகைந்து தெருவே நாறியது. அன்று ராத்திரியே எழுதி ஒட்டிவிட்டாள். ‘அடுப்பு, ரெகுலேட்டர், மோட்டார், கொல்லக்கதவு, சாவி.’ அஞ்சே சொல். மனசுக்குள் படிக்கமாட்டாள், ஒவ்வொன்றையும் போய்த் தொட்டு, வாய்விட்டுச் சொல்வாள். கொல்லக்கதவு என்று அவள் சத்தமாகச் சொல்வதைக் கேட்டுப் பக்கத்து வீட்டம்மா, ஊருக்கா கிளம்பியாச்சு என்று கேட்பார். ரயில் ஓட்டுகிறவர்களும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள், அந்த மாதிரிதான்.

உன் சீட்டில் அஞ்சாறு வரிக்கு மேல் போகாதே, நீளமானதை எவரும் படிக்கமாட்டார்கள். கேஸ் வாடை வந்தால் என்ன என்பது ஒரு தனிச் சீட்டு, அதை அடுப்புக்கு மேலே ஒட்டு. ‘சுவிட்சைத் தொடாதே’ முதல் வரி. பால் வைத்தால் பக்கத்தில் நில், உட்காராதே, அது ஒரு வரி. ராத்திரி ஆட்டோ ஏறுமுன் நம்பரை எனக்கோ அந்தப் பிள்ளைக்கோ அனுப்பு. அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108. இதற்கு மேல் நான் ஒரு நர்சுக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை, தீப்புண்ணுக்கும் நாய்க்கடிக்கும் நீதான் தெருவுக்கே சொல்கிறாய்.

கரண்டு மட்டும் என் பாடு. வீட்டுக்காரரிடம் ஆர்சிசிபி இருக்கிறதா என்று கேள். எம்சிபி இருக்கே என்பார், அது வேறு. எம்சிபி ஒயர் கருகாமல் பார்க்கும். ஆள் மேல் கரண்டு பாய்ந்தால் வெட்டிவிடுவது ஆர்சிசிபிதான், வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் உள்ளது. அதில் டெஸ்ட்டுக்கு ‘டி’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். மாசம் ஒருமுறை அமுக்கினால் டப்பென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் அது வெறும் டப்பா. வைத்திருக்கவில்லையென்றால் நான் வாங்கிக்கொண்டு வந்து மாட்டித் தருகிறேன், வாடகையில் கழிக்க வேண்டாம் என்று சொல். தண்ணி காயவைக்க ராடு போட்டால், பிளக்கைப் பிடுங்காமல் வாளியில் விரல் வைக்காதே. சூடாகிவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிற பழக்கம் அம்மாவிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது.

வியாழன் ராத்திரி மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் பார்சல் ஏற்றிவிடுகிறேன், கிளாம்பாக்கத்தில் வாங்கிக்கொள். பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், அம்மா தைத்த ரெண்டு நைட்டி. அதற்குள் பேப்பரில் சுற்றி என் டெஸ்டர் இருக்கும். பச்சை டேப் சுற்றினது. டேப்பைப் பிரிக்காதே, அது 99இல் அந்த ஹெல்பர் சுற்றிக் கொடுத்தது.

அடுத்த ஞாயிறு காலையில் போன் பண்ணு. பேசிக்கொண்டே அந்த ‘டி’ பொத்தானை அமுக்கு. டப்பென்று விழுகிற சத்தம் எனக்குக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா