விறகடுப்புக் குழாயும் செங்கல் புகைபோக்கியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விறகடுப்பின் இரும்புக் குழாயைச் செங்கல் புகைபோக்கியின் துளையில் செருகி, சுற்றிலும் சிமெண்டு பூசிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுவது ஆபத்தானது. குழாயின் முனை, சுவரில் பதித்த உறையின் வழியே சென்று, புகைபோக்கியின் உட்பரப்போடு சமமாக நிற்க வேண்டும். உள்ளே நீண்டிருந்தால் புகைவழி குறுகி, தீப்பற்றக்கூடிய கரிப்பிசின் அங்கேயே படியும்.

ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் இடையே பொதுவாக 18 அங்குல இடைவெளி தேவை. குழாய் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் கால் அங்குலமாவது உயர்ந்து செல்ல வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் 3 திருகாணிகள் வேண்டும். குழாய்த்துண்டின் குறுகிய முனை (அடுத்த துண்டுக்குள் செருகும் முனை) புகை செல்லும் திசையில் இருக்கவேண்டும் என்று வாதிடுவோர் உண்டு (நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன்). ஆனால் அந்த முனை அடுப்பை நோக்கியிருந்தால்தான் வழியும் பிசின் வெளியே கசியாமல் அடுப்புக்குள்ளேயே திரும்பும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்