பாதிக்குக் குறைவான வாய்ப்புக்கு மதிப்பே இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைத் தாமதங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நோயைத் தாமதமாகக் கண்டுபிடித்தாலே அது மருத்துவ அலட்சியம்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. படிக்கும்போது கோபத்துக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நம்பி வழக்குப் போடுகிறவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்.

குடல்வால் அழற்சி ஆரம்பத்தில் சாதாரண வயிற்றுவலி போலவே இருக்கும். ஒழுங்காகப் பரிசோதித்து, "வலி கூடினால் உடனே வாருங்கள்" என்று எச்சரித்து அனுப்பிய டாக்டர், மறுநாள் குடல்வால் வெடித்துவிட்டது என்பதற்காக மட்டும் அலட்சியக்காரர் ஆகிவிட மாட்டார். அதே அறிகுறிகளைப் பார்த்துப் பொறுப்பான வேறொரு டாக்டரும் அப்படித்தான் செய்திருப்பாரா என்று நீதிமன்றம் கேட்கும். 1957-இல் இங்கிலாந்தில் பிறந்த போலம் அளவுகோல் இதுதான். இதில் எனக்குச் சண்டை இல்லை.

என் சண்டை அடுத்த கட்டத்தோடு. டாக்டர் தவறினார் என்று நிரூபித்தாலும் போதாது. அந்தத் தாமதத்தால்தான் பாதிப்பு வந்தது என்றும் காட்ட வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு லண்டன் மருத்துவமனை ஒன்றுக்கு வந்த காவலாளிகளின் வழக்கில் 1960-களில் தீர்ப்பு வந்தது. டியூட்டி டாக்டர் எழுந்து வந்து பார்க்கக்கூட இல்லை. வீட்டுக்குப் போகச் சொல்லி நர்ஸ் மூலம் அனுப்பிவிட்டார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்தார். தேநீரில் ஆர்சனிக் என்ற விஷம் கலந்திருந்தது. பார்க்காமல் அனுப்பியது தவறு என்று நீதிமன்றம் சொன்னது. ஆனால் உடனே சேர்த்திருந்தாலும் அவரைக் காப்பாற்றியிருக்க முடியாது என்பதால் வழக்கு தோற்றது. சரி, இதையும் ஏற்கலாம்.

ஏற்க முடியாதது இங்கிலாந்து நீதிமன்றங்களின் 50 சதவீதக் கணக்கு: உடனே கவனித்திருந்தால் பாதிப்பைத் தவிர்க்கும் வாய்ப்பு பாதிக்கு மேல் இருந்தது என்று காட்டினால்தான் இழப்பீடு. மரத்திலிருந்து விழுந்த 13 வயதுச் சிறுவனின் இடுப்புக் காயத்தைக் கண்டுபிடிக்க ஐந்து நாள் தாமதமானது. உடனே கவனித்திருந்தால் நிரந்தர ஊனத்தைத் தவிர்க்க 25 சதவீத வாய்ப்பு இருந்தது. அதற்கேற்பக் கீழ் நீதிமன்றம் நான்கில் ஒரு பங்கு இழப்பீடு கொடுத்தது. 1987-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதையும் பறித்துவிட்டது. 2005-இல் மீண்டும் அதே கதை: அக்குளில் இருந்த கட்டியை வெறும் கொழுப்பு என்று டாக்டர் சொல்லிவிட, அது புற்றுநோய் என்று தெரிய ஒன்பது மாதம் கூடுதலாக ஆனது. குணமாகும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25-ஆக இறங்கியது. தொடக்கத்திலேயே பாதிக்குக் கீழ்தானே என்று, 3-2 என்ற பெரும்பான்மையில், இழப்பீடு மறுக்கப்பட்டது.

அதாவது, நோயாளியின் நிலைமை எவ்வளவு மோசமோ, தாமதம் செய்தவர்களுக்கு அவ்வளவு பாதுகாப்பு! பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நேரத்தோடு போட்டாலும் எல்லாரும் முழுதாகத் தேறிவிடுவதில்லை. ஆகவே ஸ்கேன் எடுக்காமல் உட்கார வைத்த மருத்துவமனையும், "போட்டிருந்தாலும் தேறியிருக்க மாட்டார்" என்று சொல்லித் தப்பிக்கலாம்.

பிரான்ஸ் நீதிமன்றங்கள் வேறு வழியில் போகின்றன. கைநழுவிய வாய்ப்பையே ஓர் இழப்பாக எடுத்துக்கொண்டு, அதன் அளவுக்கு ஈடு தருகின்றன. அமெரிக்காவிலும் சில மாநிலங்கள் இப்படிச் செய்கின்றன. இதனால் பயந்துபோய் டாக்டர்கள் தேவையில்லாத டெஸ்ட்டெல்லாம் எழுதுவார்கள் என்பார்கள். கொஞ்சம் நடக்கலாம். ஆனால் முழு இழப்பீடு அல்லது பூஜ்யம் என்ற இப்போதைய ஏற்பாட்டைவிட, கெடுத்த அளவுக்கு மட்டும் கொடு என்பது டாக்டருக்கும் நியாயமாகத்தான் படுகிறது.

தாமதம் என்றதும் டாக்டரை மட்டும் கை காட்டுவதும் சரியில்லை. தலையில் அடிபட்டு வந்தவரிடம் வரவேற்பு ஊழியர் நான்கைந்து மணி நேரம் ஆகும் என்று தவறாகச் சொல்ல, அவர் 19 நிமிடத்தில் கிளம்பிப் போய்விட்டார். உண்மையில் அரை மணி நேரத்துக்குள் நர்ஸ் பார்த்திருப்பார். அவருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு வந்தது. மருத்துவமனைதான் பொறுப்பு என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது.

அடுத்து இது பற்றி எழுதும்போது, கேஸ் ஷீட்டை எப்படிக் கேட்டு வாங்குவது, அதில் எந்தெந்த நேரங்களைப் பார்ப்பது என்றும் எழுதச் சொல்லுங்கள். வந்த நேரம், டாக்டர் முதலில் பார்த்த நேரம், ஸ்கேனுக்கு எழுதிய நேரம், ரிப்போர்ட் வந்த நேரம், அதைப் பார்த்து மருந்து தொடங்கிய நேரம். இவை கையில் இல்லாமல் வக்கீலைப் பார்த்துப் பயனில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்